விழுந்த மரமெல்லாம் விறகல்ல

(திருவொற்றியூரில், தச்சு வேலை பயிலும் இளைஞர்களும் மரக்கடைக்காரர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவொற்றியூரில் நின்று மரத்தைப் பற்றிப் பேசுகிறவன் மகிழ மரத்தடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுந்தரர் இந்த ஊர்ச் சங்கிலியாரை மணக்கும்போது, பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த இடம் அது. சன்னிதியில் சத்தியம் கேட்டால் அந்த நேரத்துக்கு இறைவன் மகிழ மரத்துக்குப் போய் இருந்துவிடட்டும் என்று சுந்தரர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். பிறகு சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண்பார்வை போனது. பெரிய புராணம் சொல்லும் இந்தக் கதையை மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் நடத்திக் காட்டுகிறோம். மரத்தைச் சாட்சிக்கு வைத்த ஊர் நம்முடையது. இதே ஊரில் ஒரு மரம் சாய்ந்தால் மூன்றே நாளில் அது துண்டு துண்டாகி லாரி ஏறிவிடுகிறது. அந்த மூன்று நாளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எனக்குச் சின்னதாக ஒரு கடை. கோடாரி, அரம், மணிலாக் கயிறு, கப்பி, கைவாள், இப்போது பெரும்பாலும் சங்கிலி வாளும் அதன் உதிரிப் பாகங்களும். என் அப்பா காலத்தில் ‘வாள் கடை’ என்றார்கள். இப்போது ‘பவர் சா கடை’ என்கிறார்கள். தேயிலைத் தோட்டமோ காடோ பக்கத்தில் இல்லாத துறைமுகப் பகுதியில் மரம் வெட்டும் சாமான் விற்று எப்படிப் பிழைக்கிறாய் என்று பலர் கேட்டதுண்டு. இந்தக் கடற்கரை மரத்தாலேயே வளர்ந்த கடற்கரை என்பது பலருக்கு மறந்துபோய்விட்டது.

1856இல் இராயபுரம் ரயில் நிலையம் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை நியமித்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும், எஞ்சினுக்குள் போட விறகு வேண்டும். காடு இதை எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார். சென்னையைச் சுற்றியுள்ள கடலோர மணலில் சவுக்கு பரவியதும் ரயிலுக்கு விறகு வேண்டும் என்ற அந்த நூற்றாண்டின் தேவையால்தான். இன்று கட்டடத்துக்குச் சாரம் கட்டும் சவுக்குக் கழியைத் தோளில் தூக்கிப் போகும் தம்பிக்கு, அதன் பாட்டன் மரம் ரயில் எஞ்சினுக்காக நடப்பட்டது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் விம்கோ நகர். மெட்ரோவில் வருகிறவர்கள் தினமும் கேட்கும் பெயர். 1923இல் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தார் இந்தியாவில் தொடங்கிய கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. அதன் ஆலைகளில் ஒன்று நம் ஊரில் இருந்ததால் ரயில் நிலையத்துக்கும் அதே பெயர் வந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இங்கு வரை நீண்டபோது அதற்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு தீக்குச்சியை எடுத்துப் பாருங்கள். அது பெருமரத்திலோ இலவ மரத்திலோ பிறந்தது. கட்டையைக் குட்டையாக அறுத்து, பட்டை நீக்கி, கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, வெங்காயத் தோல் போலத் தகடாக உரித்து, அந்தத் தகட்டைக் குச்சியாக நறுக்குவார்கள். கட்டை ஈரமாக இருந்தால்தான் தகடு உடையாமல் வரும். காய்ந்துவிட்டால் நொறுங்கும். குச்சிக்கு ஈரத்தோடு உரிக்க வேண்டும், கதவுக்கு ஈரம் போக விட வேண்டும். எந்த மரத்தை எப்போது அறுப்பது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைச் சொல்லித் தர நம் ஊரிலேயே ஓர் ஆலை இருந்தது.

மூன்றாவதாகக் காசிமேடு. அங்கே மரப்படகு கட்டும் மேஸ்திரிகளிடம்தான் நான் மரம் படித்தேன். ஏரா என்பது படகின் முதுகெலும்பு. அதிலிருந்து இருபுறமும் எழும்புவது வங்கு. வங்குக்கு வளைந்த கட்டை வேண்டும். நேர்க் கட்டையை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டுப் போகும், அலை அடித்தால் அந்த இடத்தில்தான் முறியும். அதனால் மரத்திலேயே இயற்கையாக வளைந்த கிளையைத் தேடுவார்கள். புன்னை, பூவரசு, வேம்பு, கருவேலம் என்று கிளையின் வளைவைப் பார்த்தே, ‘இது முன்பக்க அணியத்துக்கு ஆகும், இது பின்பக்க அமரத்துக்கு ஆகும்’ என்று சொல்லிவிடுவார் ஒரு மேஸ்திரி. நேரான மரத்துக்குத்தான் விலை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, கோணலான கிளையின் மதிப்பை அவர்தான் காட்டினார். இப்போது ஃபைபரும் இரும்பும் வந்துவிட்டன. அந்தக் கண் உள்ளவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எனக்கு இருக்கும் பெரிய கவலைகளில் இது ஒன்று.

இனி டிசம்பர் 12க்கு வருகிறேன். 2016, திங்கட்கிழமை. வர்தா புயல் நம் கரையில் ஏறிய நாள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பத்தாயிரத்துக்கு மேல் மரங்கள் சாய்ந்ததாகச் செய்திகள் வந்தன. பெருங்கொன்றை, குல்மொஹர், தூங்குமூஞ்சி. நிழலுக்காக வேகமாக வளரட்டும் என்று நட்டவை. வேர் ஓட இடமில்லாமல் சுற்றிலும் சிமென்ட் போட்டு நெரித்து வைத்தவை. பெரிய தலை, சின்னக் கால். காற்று தள்ளியதும் வேரோடு பெயர்ந்து, தெருவைக் குறுக்காக அடைத்துக்கொண்டு கிடந்தன.

மறுநாள் விடிவதற்குள் என் கடை வாசலில் ஆள் நின்றது. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. யாரிடமும் பணம் இல்லை, வங்கி எந்திரத்திலும் இல்லை. இருந்த ஏழு சங்கிலி வாள் மிஷினையும் பெயர் எழுதிக்கொண்டு கடனாகக் கொடுத்தேன். ஆறுக்குப் பணம் வந்தது. செயின் தீர்ந்தது, அரம் தீர்ந்தது, இரண்டு நாள் தூங்காமல் செயின் தீட்டியே கை காய்த்துப்போனது. ஒவ்வொரு தெருவிலும் அந்த இரைச்சல். ஆம்புலன்ஸ் போக வேண்டும், மின்கம்பி இழுக்க வேண்டும். மரத்தை இரண்டடித் துண்டாகப் போட்டது அந்த நேரத்துக்குச் சரிதான். அதை நான் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு வளாகத்துக்குள் விழுந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தைப் பார்க்கப் போனேன். கூட வந்தவர் நான் சொன்ன அந்தப் படகு மேஸ்திரி. அடிமரத்தைச் சுற்றிக் கை கோக்க இரண்டு பேர் வேண்டும். என் ஆள் மிஷினை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டான்.

“தம்பி, நிறுத்து” என்றார் மேஸ்திரி.

“ஏன் மேஸ்திரி? வீட்டுக்காரம்மா சாயங்காலத்துக்குள்ள எடுத்துடச் சொல்றாங்க.”

“எடுக்கலாம்ப்பா. முதல்ல ஒரு கிளையை அறுத்து வைரத்தைப் பாரு.”

கிளையை அறுத்தோம். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் மஞ்சள், அதற்கு உள்ளே பனைவெல்லம் போலக் கறுத்த பழுப்பு, அதில் கோடு கோடாக ஓடும் நிழல். மரத்தின் நடுவில் முற்றி இறுகிய பகுதியைத் தமிழன் வைரம் என்கிறான். விலை தெரிந்து வைத்த பெயர் அது. இதே மரத்தை ஹவாய்த் தீவுகளில் மங்க்கிபாட் என்று சொல்லிக் கிண்ணமும் மேசையும் செய்கிறார்கள். தாய்லாந்திலும் இதில் பாத்திரம் கடைகிறார்கள். காய்ந்தால் அதிகம் சுருங்காத மரம் என்பதால், சற்று ஈரமாக இருக்கும்போதே கடையலாம். நம் ஊரில் அது விறகு. விறகிலும் சரியாக எரியாத விறகு என்று வசவு வேறு.

வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். கொடுத்தார். அந்த இரண்டு நாளில்தான் நான் சங்கிலி வாளைக் கொண்டு பலகை அறுக்கக் கற்றேன்.

பழைய காலத்தில் ஆள் அறுப்பு இருந்தது. கட்டையைச் சாரத்தின் மேல் ஏற்றி, காவி நனைத்த நூலை இழுத்துத் தெறித்துக் கோடு போட்டு, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீள வாளை இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணில் தூள் கொட்டும். ஒரு பெரிய கட்டையைப் பலகையாக்க நாள் கணக்கில் ஆகும். அவர்கள் போட்டது போன்ற நேர்க்கோட்டைக் கையில் பிடித்த மிஷினால் போட முடியாது. அதற்கு ஒரு தாங்கி வேண்டும். நாங்கள் ஓர் அலுமினிய ஏணியைக் கட்டையின் மேல் மட்டம் பார்த்துத் திருகாணி போட்டு இறுக்கினோம். வாளில் செயின் ஓடும் பாரை ஒரு இரும்புச் சட்டத்தில் பிடித்து, அந்தச் சட்டம் ஏணியின் மேல் சறுக்கிக்கொண்டு போகும்படி வைத்தோம். முதல் அறுப்பு ஏணியைப் பார்த்துப் போகும். மேல் தோல் போனதும் அந்தத் தட்டையான முகமே அடுத்த அறுப்புக்கு மட்டம். கட்டை நகராது, மிஷின்தான் அதன் மேல் நடக்கும். அலாஸ்கா முறை என்று வெளிநாட்டார் சொல்லும் வித்தை இவ்வளவுதான்.

முதல் அறுப்புக்கு அரை நாள் ஆனது. தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. கடையில் நாம் வாங்கும் செயின் குறுக்கே அறுக்கச் செய்தது. அதன் பல் முப்பது டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், நாரைக் கத்திபோல வெட்டும். நீளவாட்டில் அறுக்கும்போது பல் நாரின் முனையை எதிர்கொள்கிறது. உளிபோலச் சீவ வேண்டும். அதற்குப் பத்து டிகிரி போதும். அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு பல்லையும் பத்து டிகிரிக்குத் திருப்பித் தீட்டினேன். மறுநாள் அறுப்பு பாதி நேரத்தில் முடிந்தது, பலகையின் முகமும் வழுவழுப்பாக வந்தது.

பல்லைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். இன்று உலகம் முழுவதும் ஓடும் செயினின் பல் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, பட்ட மரத்துக்குள் ஒரு வண்டின் புழு சர்வ சாதாரணமாகக் குறுக்கிலும் நெடுக்கிலும் குடைந்து போவதைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக வளைந்து வெட்டியது. அதைப் பார்த்து இரும்பில் செய்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பிருந்த செயின் மரத்தைச் சுரண்டியது, இது சீவியது. தம்பிகளே, வாள் சரியாக வெட்டுகிறதா என்று பார்க்க நீங்கள் மிஷினைப் பார்க்க வேண்டாம், கீழே விழுவதைப் பாருங்கள். குறுக்கே அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை. மாவாக விழுந்தால் நிறுத்தி அரத்தை எடுங்கள்.

செயினால் பலகை அறுப்பதில் ஒரு நட்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு தூளாகப் போகிறது. சாமில்லில் ஓடும் பட்டை வாளுக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குதான். கணக்குப் போடுங்கள்: ஓர் அடி கனமுள்ள சதுரக் கட்டையில் ஓர் அங்குலப் பலகை எடுத்தால் பட்டை வாளில் பதினொன்று வரும், செயினில் ஒன்பதுதான். இரண்டு பலகை தூளாகிவிட்டது. அப்படியானால் சாமில்லுக்கே எடுத்துப் போகலாமே என்பீர்கள். எடுத்துப் போக முடிகிற கட்டையை அங்கேதான் கொண்டு போக வேண்டும். பச்சை மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். நான்கடி விட்டமுள்ள அடிமரத்தை வண்ணாரப்பேட்டைச் சந்திலிருந்து கிரேன் வைத்துத் தூக்கி, லாரி பிடித்து, மில்லில் அந்த அகலத்துக்கு வாள் இருக்கிறதா என்று தேடுவதற்குள் செலவு மரத்தை விழுங்கிவிடும். அதனால்தான் அதைத் துண்டு போடுகிறார்கள். அந்த இடத்தில் ஒன்பது பலகை கிடைப்பதை, பதினொன்றோடு ஒப்பிடக் கூடாது. ஒன்றுமே கிடைக்காததோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கட்டை வாங்கும்போது நாம் போடுவது கால் சுற்றளவுக் கணக்கு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. ஐந்தடிச் சுற்றும் பத்தடி நீளமும் உள்ள கட்டைக்குப் பதினைந்தரை கன அடி சொச்சம் வரும். உண்மையில் அந்த உருளைக்குள் இருப்பது கிட்டத்தட்ட இருபது கன அடி. நூறில் இருபத்தொரு பங்கு, ஓரச் செதுக்குக்கும் தூளுக்கும் போகும் என்று பழைய வியாபாரிகள் முன்பே கழித்துவிட்டார்கள். இந்தக் கணக்குத் தெரியாமல் வீட்டுத் தோட்டத்து மரத்தை விற்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

நகரத்து மரத்தில் ஒரு ஆபத்து உண்டு: ஆணி. விளம்பரத் தகடு, கொடிக் கம்பி, கேபிள் ஒயர், சைக்கிள் பூட்டிய சங்கிலி என்று எல்லாவற்றையும் மரம் ஆண்டுக்கணக்கில் விழுங்கி வைத்திருக்கும். வட சென்னையில் ஆணி அடிக்காத சாலை மரத்தை நான் பார்த்ததே குறைவு. அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் இரும்பு பக்கத்தில் இருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து போட்ட மை அது. கறையைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். ஓர் ஆணி ஒரு செயினைத் தின்றுவிடும், சமயத்தில் ஆளையும் காயப்படுத்தும்.

அறுத்ததோடு வேலை முடியவில்லை. கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்டோ அன்றே பூச வேண்டும். நம் வெயிலில் முனை முதலில் காய்ந்து வெடிப்பு உள்ளே ஓடும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனத்தில் குச்சி வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குச்சிகள் நேராக இருக்கும்படி அடுக்கி, மேலே பாரம் வைத்து, நிழலில் காற்றாட விட வேண்டும். குச்சி விலகினால் பலகை முறுக்கிக்கொள்ளும். வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து அதிகம், வண்டு அங்கேதான் துளைக்கும். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் முக்கி எடுத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். மேற்கொண்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, பெங்களூரில் மர அறிவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இரண்டும் நமக்காகவே இருப்பவை.

இது சென்னைக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது பண்ருட்டியில் தலைமுறை கண்ட பலா மரங்கள் விழுந்தன. மிருதங்கம் செய்கிறவர்கள் தேடிப் போகும் மரம் பண்ருட்டிப் பலா. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை விழாத தோப்பு இல்லை. மிஷினுக்கு ஆள் கிடைக்காமல் விவசாயிகள் தவித்தார்கள். வயதான தென்னையின் வெளிப்புறம் இரும்புபோல இருக்கும், பிலிப்பைன்ஸில் அதை வீடு கட்டும் மரமாகவே அறுக்கிறார்கள். நம் தோப்புகளில் அறுக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. அன்று மிஷினையும் அறுக்கும் வித்தையையும் ஒன்றாக அனுப்பியிருந்தால் சில குடும்பங்களுக்காவது கொஞ்சம் கைகொடுத்திருக்கும்.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பிகளுக்காக. ஐப்பசி முதல் மார்கழி வரை வியாபாரம், மற்ற மாதங்களில் காத்திருப்பு. போட்ட முதல் முழுக்க உதிரிப் பாகத்தில் முடங்கிக் கிடக்கும். ஒருவருக்கு வேண்டிய பத்து ரூபாய் வாஷர் இல்லையென்றால் மிஷின் வாங்கியவர் திரும்ப வரமாட்டார். மலிவு மிஷின்கள் நிறைய வருகின்றன. விற்பதில் தவறில்லை, உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்று பார்த்து விற்க வேண்டும். உப்புக் காற்றில் செயின் துருப்பிடிக்கும். எண்ணூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்களின் ஏர் ஃபில்டரில் அனல் மின்நிலையச் சாம்பல் அடைத்திருக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டேங்கில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்தால் கார்புரேட்டரின் ரப்பர் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பெட்ரோலில் கலக்கும் ஆயில் நல்லது என்றால் லிட்டருக்கு இருபது மில்லி. கம்பெனி புத்தகத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

இருபது ஆண்டுக்கு முன் ஓர் இளைஞனுக்கு நீளமான பார் போட்ட மிஷின் விற்றேன். பணம் வாங்கினேன், பில் போட்டேன், எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தரவில்லை. பாரின் மூக்கில் மேல் பாதி எதிலாவது பட்டால் வாள் கண் இமைக்கும் முன் மேலே எகிறும். அவனுக்கு எகிறியது. தொடையில் ஆழமாகப் பட்டு, பிழைத்துக்கொண்டான், கால் பழையபடி வரவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று வாங்குகிறவர் கையாலேயே சோதித்துக் காட்டாமல், ஒரு துண்டுக் கட்டையை என் முன்னால் அறுக்கவைக்காமல், எந்த மிஷினும் என் கடைப் படி இறங்குவதில்லை.

மரம் விற்கிறவனுக்கும் மரம் வெட்டும் கருவி விற்கிறவனுக்கும் காட்டுக்கு முன்னால் ஒரு பொறுப்பு உண்டு. வர்தா வந்த அதே டிசம்பர் 12, இருபது ஆண்டுக்கு முன், 1996இல், உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பெரிய ஆணை பிறப்பித்த நாள். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நம் நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக் காடு அழிவதைப் பார்த்துத் தொடுத்த வழக்கு அது. அனுமதியின்றிக் காட்டில் மரம் வெட்டுவதும், உரிமம் இல்லாமல் சாமில் நடத்துவதும் நாடு முழுக்கக் கட்டுக்குள் வந்தது அதிலிருந்துதான். தோளில் தூக்கிப் போகும் மிஷினாக இருந்தாலும், வியாபாரத்துக்குப் பலகை அறுக்கும் முன் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேக்கு, சந்தனம், ஈட்டி, செம்மரம் என்றால் சொந்த நிலத்து மரமானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள். பொது இடத்து மரம் அரசின் சொத்து.

செம்மரம் என்று சொன்னதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சேஷாசலம், நல்லமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காடாக வளராத மரம். அந்தக் கட்டைகள் கன்டெய்னருக்குள் ஒளிந்து நம் துறைமுகங்களுக்கு வருவதும் பிடிபடுவதும் நீங்கள் செய்தித்தாளில் பார்ப்பதுதான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலத்தில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் செத்தார்கள். கட்டையைக் கப்பலேற்றிச் சம்பாதித்தவன் அந்தக் காட்டில் நிற்கவில்லை. நின்றது கோடாரி பிடித்த ஏழை. செம்மரம் வெட்டக் கூலிகளைக் கூட்டிப் போகும் ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து அறிமுகமில்லாத ஒருவர் மொத்தமாகக் கோடாரி கேட்டால் நான் இன்றும் ‘இல்லை’ என்கிறேன்.

வெளியிலிருந்து வரும் மரமும் முன்போல இல்லை. ரங்கூனிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் தேக்கு வந்துதான் செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் நின்றன. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டுக் கட்டை ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. காட்டையும் தொடக் கூடாது, கப்பலையும் நம்ப முடியாது என்றால், நம் தெருவில் தானாக விழும் மரத்தை விறகாக்கும் உரிமை நமக்கு இல்லை.

அதனால் கேட்பது இதைத்தான். அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி வட சென்னையில் ஒரு காலி மனையை ஒதுக்கட்டும். நான்கடிச் சுற்றுக்கு மேல் உள்ள அடிமரத்தைத் துண்டு போடாமல், எட்டடி பத்தடி நீளத்தில் அறுத்து, முனையில் மெழுகு பூசி, எந்தத் தெரு, எந்தத் தேதி என்று எழுதி அங்கே கொண்டுவந்து போடட்டும். தச்சர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் வெளிப்படையான ஏலத்தில் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பணத்தில் விழுந்த இடத்திலேயே வேம்பும் புங்கமும் பூவரசும் நடட்டும், வேர் ஓடக் குழியைச் சுற்றி மூன்றடியாவது சிமென்ட் இல்லாமல் விடட்டும். நிழல் இல்லாமல் வேகும் பகுதி நம்முடையது. கவுன்சிலர்கள் இரண்டு பேர் இந்த அவையில் இருக்கிறார்கள், அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டைத் தூங்குமூஞ்சியில் பதினான்கு பலகை வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு ஓர் ஊஞ்சல் பலகை, மேஸ்திரிக்கு இரண்டு, மீதியில் கடையின் வேலைப் பெஞ்சு செய்தேன். ஒன்பது மழைக்காலம் பார்த்துவிட்டது, முறுக்கவில்லை.

தம்பிகளே, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை அந்தப் பெஞ்சில் செயின் தீட்டக் கற்றுத் தருகிறேன். காசு வேண்டாம். உங்கள் மழுங்கின செயினைக் கொண்டு வாருங்கள், அரம் என்னிடம் இருக்கிறது.